எல்லைக்கு இந்தப் பக்கமும் ஐந்நூறு, அந்தப் பக்கமும் ஐந்நூறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் வயர்மேன். வீட்டு வயரிங், மோட்டார், இன்வெர்ட்டர் வேலை பார்க்கிறேன். வீடு கேரளத்தில், வேலை பாதிக்குப் பாதி தமிழ்நாட்டில். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கத்து வீடுகள், வேலந்தாவளம் தாண்டினால் கோவைப் பக்கத்து வீடுகள். எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. உங்கள் நாளிதழ் காலையிலேயே டீக்கடைக்கு வந்துவிடும். அதில் மின் கட்டணம் பற்றி வரும் செய்தியில் எத்தனை சதவீதம் ஏறியது, வாரியத்துக்கு எவ்வளவு கடன், எந்தக் கட்சி என்ன சொன்னது எல்லாம் இருக்கும். கட்டணம் ஏறிய பிறகு வீட்டுக்குள் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் எங்கும் காணோம். எனக்கு அதைப் பார்ப்பதுதான் பிழைப்பு. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீடிங் எடுத்த மறுநாள்தான் எனக்கு போன் அதிகம் வரும். "ஏனுங்ண்ணா, இந்த மீட்டர் ஓடுதுங்களா, பறக்குதுங்களா? வந்து ஒருவாட்டி பாத்துட்டுப் போங்க." பில் கூடினால் முதல் சந்தேகம் மீட்டர் மேல்தான். போனதும் வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வேன். மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்குவது நின்றுவிட்டால் கசிவு இல்லை. அப்புறம் வாட்ஸ் தெரிந்த ஒரு பொருளை மட்டும் போட்டுவிட்டு மினுக்கை எண்ணுவேன். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. ஆயிரம் வாட்ஸ் இஸ்திரிப்பெட்டி சூடேறும்போது நிமிடத்துக்கு ஐம்பத்து மூன்று வர வேண்டும். அநேகமாக வந்துவிடும். மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் வீட்டுக்காரர் முகம் வாடிப்போகும். மீட்டர் கெட்டிருந்தால் மாற்றிக்கொள்ளலாம் பாருங்கள்.

அடுத்து சிக்கனம் ஆரம்பிக்கும். செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பார்கள். சாமி அறையின் சின்ன பல்பை அணைப்பார்கள். ராத்திரி ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டுக் காலையில் போடுவார்கள். உள்ளே ஏறிய சூட்டைத் திரும்ப இறக்க அது ஒரே மூச்சாக ஓடும், மிச்சம் சொல்லிக்கொள்கிற மாதிரி இராது, பால் திரிந்ததுதான் பலன். அதே வீட்டில் மேல்தொட்டி நிறைந்து தண்ணீர் தென்னை மரத்தடிக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றரை எச்.பி. சப்மெர்சிபிள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்குக் குறையாது. சார்ஜர் மாதக் கணக்கில் தின்பதை அது ஒரே சாயங்காலத்தில் தின்றுவிடும். ஆனால் மோட்டார் வீட்டுக்கு வெளியே கிணற்றோரம் இருப்பதால் கணக்கிலேயே வராது. கதவு ரப்பர் இற்றுப்போன ஃப்ரிட்ஜ், ஆயுள் முடிந்தும் மாற்றாத இன்வெர்ட்டர் பேட்டரி, இவையும் இப்படித்தான். சத்தமில்லாமல் ஓடுவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஃபேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று பங்குனி, சித்திரையில் நெருப்பாக அடிக்கும். 2024 ஏப்ரல் கடைசியில் எங்கள் மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தார்கள். அந்த மாதங்களில் ஃபேன் இரவு பகலாக ஓடும். பழைய ஃபேன் 75 வாட்ஸ், பதினைந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மேல். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்ஸ் சுமாருக்குள் முடித்துவிடுகிறது. ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட், மூன்றை மாற்றினால் நூற்றிருபது. இந்தக் கணக்கை நான் சுவரிலேயே பென்சிலால் போட்டுக் காட்டியிருக்கிறேன். "ஒரு ஃபேனுக்கு மூவாயிரமா?" என்பார்கள். சரி, விலை அதிகம்தான். ஆனால் தவணையில் ஏ.சி. வாங்கி மாட்டிய வீட்டிலும் இதே கேள்விதான் வருகிறது.

யார் மாற்றுகிறார்கள் என்று கவனித்தேன். யூனிட் விலை ஏறியதால் மாற்றியவர்கள் ரொம்பக் குறைவு. யூனிட் விலை என்ன என்று கேட்டால் பத்து வீட்டில் ஒரு வீட்டில்கூடச் சரியாகச் சொல்ல மாட்டார்கள், மொத்தத் தொகையைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒரே ஒரு எண் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். ஜனங்கள் அசைவது அந்தக் கோட்டுக்குத்தான். நான் சொல்ல வந்த விஷயமும் அதுதான்.

தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 2024 ஜூலையில் வந்த விலை: 200 வரை யூனிட்டுக்கு 2.35, அப்புறம் 400 வரை 4.70, 500 வரை 6.30. கூட்டினால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். இன்னும் ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், அந்த 2.35 விலை காணாமல் போய்விடும். நூறுக்கு மேல் எல்லாமே 4.70-இல் இருந்து தொடங்கும், கடைசி யூனிட் 8.40. தொகை 2,048 ரூபாய் 40 காசு. ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். 2022 செப்டம்பருக்கு முன்பு இது இன்னும் மோசம், 1,130-இல் இருந்து 1,786-க்கு எகிறும். அதைக் குறைத்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் கட்டணத்தை ஏற்றியபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது, அதுவும் நல்லதே. கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் பக்கம் வாருங்கள். கேரளத்தில் ஸ்லாப், அதாவது இத்தனை யூனிட் வரை இன்ன விலை என்கிற படி, மாதக் கணக்கு, பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 2025 ஏப்ரல் விகிதப்படி மாதம் 250 யூனிட் வரைக்கும் ஐம்பது ஐம்பதாக 3.35, 4.25, 5.35, 7.20, 8.50 என்று படிப்படியாக ஏறும். 250-ஐத் தாண்டினால் படியே கிடையாது. முதல் யூனிட்டில் இருந்து எல்லாவற்றுக்கும் 6.75. இரண்டு மாதத்தில் 500 யூனிட் எரித்த வீட்டுக்கு மின்சாரத்துக்கு மட்டும் 2,865 ரூபாய். 501 எரித்தால் 3,381. ஒரு யூனிட் ஐந்நூறு ரூபாய்க்கு மேல். நிலைக் கட்டணமும் பத்து சதவீத வரியும் இதில் சேரவில்லை, அவையும் கூடவே ஏறும். மாதம் 300-ஐத் தாண்டினால் எல்லா யூனிட்டும் 7.60, 350-ஐத் தாண்டினால் 7.95. ஒவ்வொரு வாசலிலும் பழைய யூனிட்டுக்கெல்லாம் சேர்த்து விலை மாறும்.

சொந்தக்காரர்கள் இரு பக்கமும் இருப்பதால் கல்யாண வீட்டில் இதுவே பேச்சு. 300 யூனிட்டுக்குப் பொள்ளாச்சிக்காரர் 705 கட்டுகிறார், நாங்கள் நிலைக் கட்டணமும் வரியும் நீங்கலாகவே 1,295. "உங்களுக்குத்தான் இடுக்கி டேமும் மூலமற்றம் கரண்ட் நிலையமும் இருக்கே, அப்புறம் எதுக்கு இவ்வளவு?" என்று மாமன் மச்சான் கேலி செய்வார்கள். இடுக்கி இருந்தும் கேரளம் தேவையில் பெரும்பகுதியை வெளியே இருந்து வாங்குகிறது என்று நானும் சொல்லிப் பார்ப்பேன், பந்தியில் யார் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு மாதத்துக்கு 2,000 யூனிட் எரிக்கும் பங்களாவுக்கு மின்சார விலை இரு பக்கமும் 18,400-ஐ ஒட்டித்தான் வருகிறது. எல்லை அவர்களுக்கு மட்டும் அழிந்துவிட்டது.

இந்தக் கோட்டால் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். ரீடிங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்க ஆரம்பிப்பார்கள். 460, 470 என்று வந்துவிட்டால் வீட்டில் சட்டம் அமலுக்கு வரும். வாஷிங் மெஷின் கிடையாது. இஸ்திரி வண்டிக்காரருக்குத் துணி போகும். இண்டக்ஷன் அடுப்பு அலமாரிக்கு ஏறி, கேஸ் அடுப்பு மட்டும் எரியும். கிரைண்டருக்குப் பதில் கடையில் பாக்கெட் மாவு வாங்குவார்கள். பாட்டி ஃபேனைப் போடாமல் திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருப்பார். ஏன் பாட்டி என்று கேட்டால், "எனக்குக் காத்து வேண்டாம் தம்பி" என்பார். யாரும் அவரை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் பேச்சு காதில் விழுந்திருக்கும். ரீடிங் எடுத்து முடித்த அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் போய்ப் பாருங்கள், எல்லா வீட்டு வாஷிங் மெஷினும் ஓடும். போர்வை, திரைச்சீலை, மிதியடி எல்லாம் கொடியில் தொங்கும். மிச்சமானது என்ன? துவைப்பு பத்து நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். நாடு மிச்சப்படுத்தியது ஒன்றுமில்லை.

ரீடிங் எடுப்பவர் வரும் நாளும் இதனால் பெரிய விஷயமாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்ப்பதுபோல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சித்திரை மாதத்தில் ஒரு சாதாரண வீடு நாளைக்கு எட்டு யூனிட் எரிக்கிறது என்று வையுங்கள். அவர் நான்கு நாள் தாமதமாக வந்தால் முப்பத்திரண்டு யூனிட். 480-இல் முடிய வேண்டிய வீடு 512 ஆகிவிடும். அவருக்கும் வீடுகள் அதிகம், வெயிலில் அலைகிற மனுஷர், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் என் உறவுக்கார வீடு ஒன்றில் இப்படி ஆகி, விசாரிக்கப் போன இடத்தில் "அடுத்த தடவை குறைஞ்சிரும், போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். குறைந்தது, சரி. முதலில் போன பணம் வரவில்லை.

கோட்டைத் தாண்டிய பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நாற்பதாம் நாளே 500-ஐத் தாண்டிவிட்ட வீட்டில் சிக்கனம் அத்தோடு ஓய்ந்துவிடும். "போனது போச்சு, ஏ.சி.யைப் போடு" என்று விட்டுவிடுவார்கள். விலை ஏற்றுவதே ஜனங்கள் குறைவாக எரிக்கட்டும் என்றுதானே? அதிகம் எரிக்கிற வீட்டில் அது நேர்மாறாக வேலை செய்கிறது. எனக்குப் படிப்பு ஐ.டி.ஐ. வரைக்கும்தான், கட்டணம் போடுகிறவர்களுக்கு யோசனை சொல்லும் தகுதி இல்லை. ஆனாலும் ஏ.சி. மாட்டிய வீட்டின் பேச்சு என் காதில் விழுகிறது, அவர்கள் காதில் விழுமா என்று தெரியவில்லை.

அப்புறம் தமிழ்நாட்டுப் பக்கம் என்னிடம் அடிக்கடி வரும் ஒரு கோரிக்கை: "மாடிக்குத் தனி சர்வீஸ் எடுத்துக் குடுங்க." காரணம் எளிது. ஒரே மீட்டரில் 600 யூனிட் என்றால் 2,880 ரூபாய். அதையே இரண்டு மீட்டரில் 300, 300 என்று பிரித்தால் இரண்டும் சேர்ந்து 1,410. அதே ஃபேன், அதே ஃப்ரிட்ஜ், பில் பாதி. ஒரே குடும்பம், ஒரே வீடு என்றால் ஒரே இணைப்புதான் என்பது விதி. அதனால் மாடியில் ஒரு சிங்க்கும் இரண்டடி கடப்பா மேடையும் வைத்து அதைச் சமையலறை என்பார்கள். மகனுக்குக் கல்யாணமாகி மெய்யாகவே தனிக் குடித்தனம் என்றால் நான் செய்து கொடுப்பேன். ஸ்டவ்வே ஏறாத மேடைக்கு வயர் இழுக்க என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அதற்கும் ஆள் கிடைக்கிறது என்பது வேறு. ஆனால் அவர்களைத் திருடர் என்று சொல்லவும் எனக்கு நாக்கு வரவில்லை. பாதி விலைக்கு வழி இருக்கும்போது மனுஷன் தேடத்தான் செய்வான்.

இதில் எந்த வழியும் இல்லாதவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். ஒரே மீட்டரின் கீழ் மூன்று குடித்தனம் வைத்து, உள்ளே சப் மீட்டர் மாட்டி, "யூனிட்டுக்கு எட்டு ரூபாய்" என்று வாங்கும் வீட்டுக்காரர்களை நான் நிறையப் பார்க்கிறேன். சப் மீட்டர் மாட்டுவதும் என் போன்றவர்கள்தானே. அந்த வாடகைக்காரருக்கு நூறு யூனிட் இலவசமும் கிடையாது, 2.35 விலையும் கிடையாது. அவர் இரண்டு மாதத்துக்கு எண்பது யூனிட்தான் எரிப்பார், அரசு கணக்குப்படி அவருக்கு பில்லே வரக்கூடாது. 640 ரூபாய் கொடுப்பார். ஃபேனை மாற்றுங்கள் என்றால், "வீட்டுக்காரர் ஃபேனுங்க, நான் எப்படி மாத்தறது?" என்று கேட்பார். சட்டசபையில் இலவச யூனிட் பற்றிப் பேசும்போது இவர்களைக் கணக்கில் எடுத்திருக்கிறார்களா?

சோலார் பற்றியும் கேட்கிறார்கள். மத்திய அரசின் 2024 திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. வெயில் நன்றாக இருந்தால் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் அளவில் கிடைக்கும். நல்ல திட்டம். ஆனால் மொட்டை மாடி சொந்தமாக இருக்க வேண்டும், மீதிப் பணம் கையில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் மூன்றாவது நிபந்தனை ஒன்றும் உண்டு, வீட்டைச் சுற்றித் தென்னை இருக்கக் கூடாது. காய்க்கிற மரத்தை வெட்டிவிட்டுப் பலகை வைக்க யாருக்கும் மனசு வராது.

ஒரு மாற்றம் மட்டும் நிஜமாக வேலை செய்ததைப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளுக்கு நேரம் பார்த்து விலை போடுகிறார்கள். காலை 6 முதல் மாலை 6 வரை பத்து சதவீதம் குறைவு, மாலை 6 முதல் இரவு 10 வரை இருபத்தைந்து சதவீதம் அதிகம். இது வந்த பிறகு தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, துணி துவைப்பது எல்லாம் பகலுக்கு மாறிவிட்டது. தொட்டிக்குத் தானியங்கி ஸ்விட்ச் போட்டு, பகலில் மட்டும் ஓடும்படி டைமர் வைக்கச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். 250-க்குக் கீழே இருப்பவர்களும், தங்களுக்கு இந்த விலை இல்லை என்று தெரியாமலே அப்படிச் செய்கிறார்கள். இதில் விளிம்பு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு மறந்து ராத்திரி மோட்டார் போட்டால் இன்றைக்கு மட்டும் கொஞ்சம் அதிகம், நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். பழையதற்கெல்லாம் சேர்த்துத் தண்டனை இல்லை. அதனால் ஜனங்களும் சலிக்காமல் செய்கிறார்கள்.

மாதா மாதம் ரீடிங் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தமிழ்நாட்டுப் பக்கம் பலர் நம்புகிறார்கள். 2021 தேர்தலில் அது வாக்குறுதியாகவே வந்தது, ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்று தள்ளிப்போனது. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. மாதக் கணக்கு என்றால் நூறு ஐம்பதாகவும் ஐந்நூறு இருநூற்றைம்பதாகவும் ஆகுமா ஆகாதா என்று யாரும் சொல்வதில்லை. பாதியாக வெட்டினால், மே மாதம் 300, ஜூனில் மழை வந்து 190 எரிக்கிற வீடு இன்றைக்கு 490 என்று தப்பித்துவிடும், அன்றைக்கு மே மாதம் தனியாக மாட்டிக்கொள்ளும். கேரளத்தில் மாத ஸ்லாப்பை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துச் சராசரி பார்ப்பதால் இந்த வகையில் எங்களுக்கு லாபம்தான். அதனால் மாதப் பில் கேட்கிறவர்கள், ஸ்லாப் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நான் கேட்பது வேறு. அதிகம் எரிக்கிறவர் அதிகம் கட்டட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. 501-ஆவது யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வேண்டுமானாலும் போடுங்கள். அந்த ஒரு யூனிட்டுக்காக முதல் ஐந்நூறின் விலையை மாற்றாதீர்கள். வருமானம் குறையும் என்றால் மேல் ஸ்லாப்பில் காசு கூட்டி எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு மாநிலத்து ஒழுங்குமுறை ஆணையங்களும் புதுக் கட்டணம் வகுக்கும் முன்பு பொதுமக்கள் கருத்துக் கேட்கின்றன. அங்கே போய்ப் பேசுபவர்கள் ஆலைக்காரர்களும் சங்கத்தலைவர்களும்தான். 490 யூனிட் வீட்டுக்காரர்களுக்குச் சங்கம் ஏது?

இன்னொன்று, ரீடிங் தள்ளிப்போனால், எத்தனை நாளுக்கான ரீடிங் இது, அறுபது நாளுக்கு எப்படிச் சரிக்கட்டினோம் என்று பில்லில் ஒரு வரி போடட்டும். போன தடவை நாளைக்குச் சராசரி எத்தனை யூனிட், இந்தத் தடவை எத்தனை என்பதையும் பக்கத்தில் போடலாம். அதைப் பார்த்தால் வீட்டுக்காரரே கண்டுபிடித்துவிடுவார், மீட்டர் பறக்கிறதா என்று கேட்டு என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. என் வருமானம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை, மோட்டார் வேலை இருக்கிறது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழ் எல்லைக்கு இரு பக்கமும் விற்கிறது. தமிழ்நாட்டு ஸ்லாப்பும் கேரள ஸ்லாப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற அளவில் ஒரு கட்டம் போட்டுப் பிரசுரியுங்கள். விலை மாறும்போதெல்லாம் மறுபடி போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், எங்கள் ஊரில் பில் கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம்.